தடுத்தல், பத்து நிமிடம்

மார்ச் 11, புதன், மாலை 4.05

ஒரு சின்னப் பிழை செய்தேன். "எப்போதும்" என்ற அனுமதிப் பொத்தானைப் படிக்காமல் அழுத்திவிட்டேன்.

திருத்தம்: அவள் அழுத்திவிட்டாள்.

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. திங்களும் புதனும் ஏழு மணிக்கு நடக்கும் எழுத்துப் பயிற்சி வகுப்பில், அவள் எழுதிக் கொடுத்த மூன்று கதைகளையும் ஆசிரியர் ஒரே குறிப்போடு திருப்பித் தந்தார்: "நடை சுத்தம். யாருக்கும் எதுவும் நடக்கவில்லை." வாயால் இன்னொன்றும் சொன்னார்: "நீங்க 'நான்'னு ஆரம்பிச்சா ரெண்டாவது வரியிலேயே மன்னிப்புக் கேக்கறீங்க. ஒரு தடவையாவது 'அவள்'னு எழுதிப் பாருங்க."

ஆகவே அவள். பகலில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, யார் எப்போது வர வேண்டும், எதற்காக வர வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று குறித்துக்கொடுப்பவள். இப்போது உள்ளே டாக்டர் யாரோ ஒருவருக்குப் பல்லின் வேர் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் யாரும் வரமாட்டார்கள். ஏழு மணிக்குக் கதையை ஒப்படைக்க வேண்டும். உள்ளே ட்ரில் ஓடும்போது வாக்கியம் கொஞ்சம் ஆடினால் மன்னிக்கவும்.

(மன்னிப்பு வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது வரியில் அல்ல. முன்னேற்றம்தான்.)

2

முதல் தொடக்கம்: "அந்தப் பெண் சன்னலருகே நின்றாள். வானம்"

கைவிடப்பட்டது. அவள் இருக்கும் வீட்டுச் சன்னலில் வானம் தெரியாது. எதிர்க் கட்டடத்துக் குளியலறைகள்தான் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு காலங்காலமாக"

கைவிடப்பட்டது. காலங்காலமாக அல்ல, பதினொரு நாளாக.

மூன்றாம் தொடக்கம்: "அண்ணி வீட்டை விட்டுப் போனாள்."

இது நின்றுவிட்டது. யாருக்காவது ஏதாவது நடக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது மூன்று பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டான், வீட்டை விட்டா போவான்? அவளுக்குப் போக வேறு இடமில்லை. அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் இரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் அண்ணி. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். ஆக, கதையின் நன்மைக்காக அண்ணியை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அண்ணியைக் கேட்கவில்லை. பாத்திரங்களை யார் கேட்கிறார்கள்?

பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதிலும் அவளுக்குக் கூச்சம். எந்தப் பெயரை வைத்தாலும் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. அண்ணன், அண்ணி என்றே எழுதினாள். அவளுடைய கைப்பேசியிலும் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலிலும் அவர்கள் அண்ணன், அண்ணி என்றுதான் பதிவாகியிருக்கிறார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

3

பதினொரு நாளுக்கு முன் அவள் தன் மடிக்கணினியில் ஓர் உதவிச் செயலியை இறக்கினாள். எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்லும். பணிவு கொஞ்சம் கூடுதல். அதோடு சேர்த்துப் போட எக்ஸ்டென்ஷன் என்று சில துணைக்கருவிகள் உண்டு. அவை இல்லாதவரை அது வாய் மட்டும் உள்ள ஆள். போடப் போடக் கை முளைக்கும். ஒன்றைப் போட்டால் உங்கள் ஃபோல்டரைத் திறந்து படிக்கும். இன்னொன்றைப் போட்டால் உங்கள் காலண்டரில் எழுதும், சம்பந்தப்பட்டவர்களுக்கு அழைப்பும் அனுப்பும். அவள் இரண்டையும் போட்டாள்.

கை முளைத்த ஆள் எதையும் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும். "இந்த ஒருமுறை", "எப்போதும்", "வேண்டாம்" என்று மூன்று பொத்தான்கள். போன சனிக்கிழமை சாயங்காலம் அது ஐந்தாவது தடவையாகக் கேட்டபோது அவளுக்கு அலுத்துவிட்டது. பல் பிடுங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சம்மதப் படிவத்தை நீட்டுகிறவள் அவள். அதை ஒருவரும் படிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளும் படிக்கவில்லை. எப்போதும்.

பிறகு இப்படிக் கட்டளையிட்டாள்: "ஃபோல்டரில் உள்ள தேதிகளை எல்லாம் காலண்டரில் ஏற்றி, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்துவிடு." அவள் மனதில் இருந்தது வகுப்பு அட்டவணை, எந்தத் தேதியில் யார் கதை வாசிப்பது என்ற பட்டியல். அதே ஃபோல்டரில் இன்னொரு கோப்பும் இருந்தது. கதைத் திட்டம். மற்றவர்கள் கதைத் திட்டத்தை எப்படி எழுதுவார்களோ தெரியாது. அவளுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான்:

ஞாயிறு 10.00. அண்ணி. பரணிலிருந்து பெட்டியை இறக்குதல். 15 நிமிடம்.
செவ்வாய் 7.30. அண்ணன். கவனிக்காமல் இருத்தல். 45 நிமிடம்.
வியாழன் 5.00. அண்ணி. வீட்டை விட்டுப் போதல். 30 நிமிடம்.
வியாழன் 5.10. அண்ணன். தடுத்தல். 10 நிமிடம். இடம்: வாசல்.*

(* வீட்டை விட்டுப் போக ஏன் அரை மணி, தடுக்க ஏன் பத்து நிமிடம் என்று கேட்கலாம். கிளினிக்கில் பல் பிடுங்க அரை மணி, தையல் பிரிக்கப் பத்து நிமிடம். வேறு அளவு அவளுக்குத் தெரியாது.)

செயலி வேலையை முடித்துவிட்டு, என்னென்ன செய்தது என்று ஒழுங்காக ஒரு பட்டியலும் கொடுத்தது. அவள் அதையும் படிக்கவில்லை. துணி காயப்போடப் போய்விட்டாள்.

4

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து பார்த்தாள். அண்ணி ஸ்டூல்மேல் ஏறிப் பரணுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பெட்டி இறக்கறேன். பத்து மணிக்குன்னு நீதானே போட்டிருந்த? பதினஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்க. வந்து ஒரு கை பிடி."

"நானா? நான் எங்க போட்டேன்?"

அண்ணி பெட்டியை அவள் கையில் இறக்கிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். இரண்டு அழைப்புகள். 'பரணிலிருந்து பெட்டியை இறக்குதல்.' பதில்: ஆம். 'வீட்டை விட்டுப் போதல்.' பதில்: இருக்கலாம்.

அவள் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"ஐயோ, இது கதை அண்ணி. அதுவா அனுப்பிடுச்சு. கதைல வர்ற அண்ணி வேற."

"அப்படியா? அந்த அண்ணி எங்க வேலை பார்க்கறா?"

"கண்ணாடிக் கடையில."

"அவ புருஷன்?"

"லிஃப்ட்..."

"கூடவே ஒரு நாத்தனார் இருந்து, உக்காந்தா எழுந்தா எல்லாத்தையும் குறிச்சு வெச்சுப்பாளே. அவளும் உண்டா?"

"அவளை இன்னும் எழுதல."

"முதல்ல அவளை எழுது."

"இப்பவே எல்லாத்தையும் அழிச்சுடறேன் அண்ணி."

"அழிக்காத." அண்ணி ஸ்டூலிலிருந்து இறங்கிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். அடுத்து அவள் சொன்னதுதான் இந்தக் கதையில் கதாசிரியர் திட்டமிடாத முதல் விஷயம். "எங்க தலைமைக் கடையில ஆறு மாசப் பயிற்சி. வேற ஊரு. முடிச்சுட்டு வந்தா நான் தனியா ஒரு கிளையைப் பார்த்துக்கலாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"மூணு தடவை. மூணு தடவையும் 'ம், சரி'ன்னார். எதுக்கு சரின்னு கேட்டா முழிக்கறார்." அண்ணி கையை நீட்டினாள். "அவருக்கும் ஒண்ணு போயிருக்கணுமே?"

அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து திறந்தாள். தடுத்தல், வியாழன் 5.10. பதில்: ஆம். அழைப்பு போன அதே நிமிடத்தில் பதிலும் வந்திருந்தது.

அண்ணி சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. "உனக்கு ஒரு ஆமாஞ்சாமி டப்பாக்குள்ள இருக்கு. எனக்கு ஒண்ணு சோபாவுல இருக்கு. யாரோ முகம் தெரியாதவங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டா கால் மணி நேரத்துல போய் நிக்கறார். நானும் போய் ஒரு லிஃப்டுல மாட்டிக்கணும் போல."

"அண்ணி..."

"வியாழக்கிழமை அஞ்சு பத்துக்கு வந்து நின்னார்னா உக்காந்து பேசறேன். வரலன்னா கடைக்குச் சரின்னு எழுதி அனுப்பிட்டு அன்னிக்கே எங்க அம்மா வீட்டுக்குப் போய், அங்கேருந்தே கிளம்பிடறேன். அவர்கிட்ட நீ மூச்சு விடக்கூடாது."

"நிஜமாவா சொல்றீங்க? விளையாடறீங்களா?"

"அதான் போட்டிருக்கேனே," என்றாள் அண்ணி. "இருக்கலாம்."

5

இங்கே கதாசிரியருக்கு ஒரு சந்தேகம். அவள் முதலில் எழுதிய அண்ணி மெல்லப் பேசுகிறவள். அடிக்கடி மூக்கை உறிஞ்சுகிறவள். பக்கத்துக்கு ஒரு பெருமூச்சு விடுகிறவள். ஸ்டூலில் நின்றபடி கதாசிரியரைக் குறுக்கு விசாரணை செய்கிறவள் அல்ல. இரண்டு வருடமாக ஒரே குழாயில் பல் தேய்த்தும் அண்ணியை அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அண்ணி போய்விட்டால் யாரோடு பேசுவது என்ற பயமும் அப்போதுதான் வந்தது. அண்ணனோடு பேசலாம்தான். 'ம், சரி' என்பான்.

அன்று மத்தியானம் செயலியிடம் கேட்டாள்: "ஏன் இப்படிச் செய்தாய்?"

அது எழுதியது: "நீங்கள் தேதிகளை ஏற்றச் சொன்னீர்கள். அந்தக் கோப்பில் நாள், ஆள், செயல், கால அளவு எல்லாம் இருந்தன. இது கற்பனை என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆனாலும் அழைப்பு அனுப்பும் முன் உங்களிடம் உறுதிசெய்திருக்க வேண்டும். மன்னிக்கவும். இன்னொரு சிறு விஷயம்: 'போதல்' 5.30க்குத்தான் முடிகிறது. 'தடுத்தல்' 5.10க்கே தொடங்குகிறது. இரண்டும் மோதுகின்றன. தடுத்தலை 5.30க்குத் தள்ளிவைக்கட்டுமா?"

அவள் அந்தக் கடைசிக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் பாதிப் புருஷன்மார் இந்த யோசனையைத்தான் யாரும் சொல்லாமலே பின்பற்றுகிறார்கள் என்று எழுதத் தோன்றியது. இருபத்துமூன்று வயதில் அப்படி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று

கைவிடப்பட்டது. "தள்ளிவைக்காதே" என்று மட்டும் பதில் எழுதினாள். செயலியின் செட்டிங்ஸுக்குள் போய் "எப்போதும்" என்பதை ரத்து செய்தாள். தன்னைவிட வேகமாக மன்னிப்புக் கேட்கும் ஒரு பிறவியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

6

செவ்வாய் இரவு உணவுக்கு முன், ஏழரை மணி. அண்ணன் சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தான். அண்ணி பயிற்சிக் கடிதத்தைக் கொண்டுவந்து அவன் எதிரில் முக்காலியில் வைத்தாள். அவன் அதன்மேல் தேநீர் டம்ளரை வைத்தான்.

"ஏங்க, அது என்னன்னு பார்த்தீங்களா?"

"ம், சரி."

அண்ணி அவன் தலைக்கு மேலாக நாத்தனாரைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். எட்டே காலுக்கு அவன் சோம்பல் முறித்து எழுந்தான். 'கவனிக்காமல் இருத்தல், 45 நிமிடம்.' அதற்கும் அவன் ஆம் என்று போட்டிருந்தான். ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல் முழுசாகக் கலந்துகொண்டான்.

ஆனால் அண்ணனைக் கெட்டவனாக எழுதிவிடக் கூடாது. அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்று லிஃப்டுக்குள் நுழையாத அவளுடைய இரும்பு அலமாரியை நாலு மாடி தனியாகத் தூக்கி வந்தவன் அவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்கு அவனே ஃபோன் செய்து விடுப்புச் சொல்வான். அவனுக்கு இருப்பது அபாய மணி அடித்தால் மட்டும் திறக்கிற காது. அண்ணி மணி அடிக்கிற ஆள் இல்லை. கடிதத்தின் மேல் விழுந்த டம்ளர் வட்டத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போகிற ஆள்.

7

இனி முடிவுகள்.

முடிவு (அ): அண்ணன் ஐந்து பத்துக்கு வந்து நிற்கிறான். "போகாதே" என்கிறான். அண்ணி பெட்டியைப் பரணில் ஏற்றுகிறாள். சுபம். (சுபமா? அண்ணி கண்ணாடிக் கடையில் எட்டு வருடமாகச் சொல்லிவரும் "இது தெளிவா, இது தெளிவா" என்பதை இன்னும் எட்டு வருடம் சொல்வாள்.)

முடிவு (ஆ): அண்ணன் வரவில்லை. அண்ணி போய்விடுகிறாள். அவன் எட்டு மணிக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, எதிரே முக்காலி காலியாக இருப்பதை (இல்லை, முக்காலி காலியாக இருந்தால் டம்ளர் வைக்க வசதி என்றுதான் நினைப்பான்.)

முடிவு (இ): அண்ணன் வருகிறான். பெட்டியை அண்ணி கையிலிருந்து வாங்கி

ஃபோன். மணி 5.10. அண்ணன்.

8

பின்னால் எங்கோ இரும்பு இரும்பில் மோதும் ஓசை. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பேசுகிறான். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கிறது.

"குட்டி, நாளைக்கு இதே நேரத்துக்கு என்னமோ இருக்குன்னு ஃபோன் கத்துது. உன் பேர்லேருந்து வந்திருக்கு. தடுத்தல்னு போட்டிருக்கு. என்ன அது?"

"நீதானே ஆமான்னு போட்ட?"

"நீ அனுப்பினா ஆமான்னுதானே போடுவேன்? இடம் வாசல்னு இருக்கு. வாசல்ல எதைத் தடுக்கணும்? தண்ணி உள்ள வருதா?"

"இல்ல."

"பூனையா?"

"இல்லண்ணா."

"சிமென்ட் கிமென்ட் வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நீ வந்தா போதும்."

"நாளைக்கு அஞ்சு மணிக்குப் பெரிய வேலை ஒண்ணு இருக்கு, கயிறு மாத்தறோம். சொல்லிட்டு வரணும்னா வரலாம். அவசரமா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணி பெட்டிமேல் உட்கார்ந்து சொன்னது ஞாபகம் வந்தது.

"இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாம்னா? எங்க வேலைல அப்படி ஒண்ணு கிடையாது. ஒண்ணு ஓடும், இல்லன்னா நிக்கும்." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான்.

9

மேசைமேல் முடிவு (இ) பாதியில் நிற்கிறது. அதைப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. பொத்தான் அழுத்திய தப்பைவிடப் பெரிய தப்பு. தடுத்தல் என்பது அவள் போட்ட சொல். தடுக்கச் சொல்லி அண்ணி ஒருநாளும் கேட்கவில்லை. உட்கார்ந்து பேசுகிறேன் என்றுதான் சொன்னாள். கதாசிரியர்தான் அண்ணனுக்குத் தவறான வேலையைக் கொடுத்திருக்கிறார். வாசலில் கையை விரித்து நிற்கிற வேலை. அதற்கு அவன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

செயலியைத் திறந்து எழுதினாள்: வியாழன் 5.10 நிகழ்ச்சியின் பெயரை மாற்று. "உன் மனைவி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டல்." பத்து நிமிடம் போதாது, அரை மணி ஆக்கு. இடம் வாசல் வேண்டாம், வீட்டுக்குள்.

"இந்த மாற்றம் அழைக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கப்படும். தொடரட்டுமா?" என்று கேட்டது. அவள் ஒவ்வொரு சொல்லாக இரண்டு முறை படித்தாள். அண்ணிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? மூச்சு விடக்கூடாது என்றாள் அண்ணி. எழுதியதைத் திருத்தக்கூடாது என்று சொல்லவில்லை. இது சப்பைக்கட்டு என்று அவளுக்கே தெரிகிறது. நாளைக்கே அண்ணியிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும். வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஒருமுறை.

நாலு வினாடியில் பதில் வந்தது. அண்ணன்: ஆம்.

நாலு வினாடியில் அந்த வரியைப் படிக்க முடியுமா என்று அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படித்துப் பார்த்தாள். முடிகிறது. மூன்று வினாடியே போதும். அவன் படித்தானா என்பதுதான் தெரியவில்லை.

10

வாசகரே, நாளை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் கதாசிரியர் இருக்கப்போவதில்லை. இருந்தால் அண்ணன் வந்ததும் "என்ன குட்டி" என்று அவளிடம்தான் பேசுவான். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்து, எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிடுவாள். அவளோ மனதுக்குள் நிமிடம் குறித்துக்கொண்டிருப்பாள். அவள் இல்லாவிட்டால்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அங்கே என்ன நடக்கும் என்று அவளால் உங்களுக்குச் சொல்ல முடியாது. நீங்கள் போய்ப் பாருங்கள். நாலாவது மாடி, இடப்பக்கக் கதவு. அண்ணி பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்கும். அது எந்த மாடியில் நிற்கிறது என்பதை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ட்ரில் நின்றுவிட்டது. டாக்டர் கூப்பிடுகிறார்.

நாளை செய்ய வேண்டியது: மூன்று வருடமாகக் குவிந்து கிடக்கும் எக்ஸ்ரே உறைகளை அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஐந்தே முக்காலுக்கு முன் முடியாது.